கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து குலசேகரன்பட்டினம் வரை: விண்வெளி விளையாட்டுகளும் மெய்யான விண்பயணங்களும்

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்த கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விண்வெளியோ அவ்வூரின் வயல்களுக்கு நேர் மேலே நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்புவதைவிட அங்கே கீழே விழாமல் நிலைத்திருப்பதே கடினம் என்பதும், அதற்கு விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் புவியைச் சுற்றிப் பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதும் இயற்பியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மைகள். பாடநூலில் ஒரு வரியாக நின்றுவிடும் இவ்வுண்மையை, தான் கட்டிய ராக்கெட் நேராக மேலே போய் நேராகக் கீழே விழுவதைக் கணினித் திரையில் நான்கைந்து முறை பார்த்த சிறுவன், யாரும் சொல்லித்தராமலே உணர்ந்துகொள்கிறான்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் கணினி விளையாட்டு இவ்வகையில் முதன்மையானது. மெக்சிகோ நகரத்தின் ஸ்குவாட் என்ற நிறுவனத்தில் பெலிப்பே ஃபலாங்கே என்பவர் தலைமையில் உருவாகி, 2011 ஜூனில் பொதுமக்களுக்கு முதலில் வெளியாகி, 2015 ஏப்ரலில் முழுமையான பதிப்பாக வந்த இவ்விளையாட்டில், ஆடுபவர் எரிபொருள் தொட்டிகளையும் எஞ்சின்களையும் அடுக்கி ஒரு ராக்கெட்டை உருவாக்கி, கெர்பின் என்ற கற்பனைக் கோளிலிருந்து அதை ஏவி, முன் என்ற அதன் நிலவுக்கும் பிற கோள்களுக்கும் செலுத்துகிறார். இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் ஆர்பிட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது மெய்யான சூரியக் குடும்பத்தையே களமாகக் கொண்ட விண்பறப்புப் பயிற்சிக் கருவி. இவ்விரண்டையும் ஆடித் தேர்ந்த விண்வெளி ஆர்வலர் ஒருவர் கருவேப்பிலங்குறிச்சியில் புறப்பட்டு, விருத்தாசலம் சந்திப்பில் ரயிலேறி, மகேந்திரகிரியையும் குலசேகரன்பட்டினத்தையும் நோக்கித் தெற்கே பயணம் செய்தால், விளையாட்டு எவற்றைச் சரியாகக் காட்டுகிறது, எவற்றைக் காட்டாமல் விடுகிறது என்பதற்கான சான்றுகளை வழிநெடுகிலும் காணலாம்.

முதல் சான்று ரயிலில் ஏறுவதற்கு முன்பே கிடைக்கிறது. முதுகுன்றம் என்று பழந்தமிழில் வழங்கப்பட்ட விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரைக் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தில் டிப்ளமோ அளிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே உள்ளன. களிமண்ணைக் குழைத்து அச்சில் வார்த்து உலர்த்திச் சூளையில் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வரை சுடும்போது, மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்து, அதன்பின் எந்த நீராலும் கரைக்க முடியாத, தீயால் எரிக்க முடியாத பொருளாகின்றன. வெப்பத்தைத் தாங்குவதும் வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதும் ஆகிய இவ்விரு பண்புகளே விண்கலத்தைப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன.

சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலம் தனக்கு முன்னுள்ள காற்றை மிகக் கடுமையாக அமுக்குவதால் அக்காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்த வெப்பம் உள்ளே புகாமல் தடுக்க அமெரிக்க விண்வெளி ஓடங்களின் அடிவயிற்றில் ஆயிரக்கணக்கான சிலிக்கா ஓடுகள் ஒட்டப்பட்டன. மெல்லிய சிலிக்கா இழைகளால் ஆன அந்த ஓடுகளின் கன அளவில் பெரும்பகுதி வெறும் காற்றுதான் என்பதால் அவை தக்கையைப்போல் எடை குறைந்தவை. இந்தியாவும் இதே வழியில் சென்றது. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி-சி7 ஏவிய, 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ-1 என்ற மீட்புக் கலம், பன்னிரண்டு நாள் புவியைச் சுற்றிவிட்டு ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் பாராசூட்டுகளின் துணையோடு இறங்கியபோது, அதன் உடலைக் காத்தவை சிலிக்கா ஓடுகளே. முகப்பில் மட்டும் தானே கருகித் தேய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் கார்பன்-பீனாலிக் கவசம் இருந்தது. கெர்பல் விளையாட்டிலோ 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை மீள்நுழைவு வெப்பம் கலத்தை எரித்ததே இல்லை. தீப்பிழம்பு அலங்காரமாகத் தெரியும், கலம் பத்திரமாக இறங்கிவிடும். இன்று அவ்விளையாட்டில் வெப்பக் கவசம் உண்டு. பட்டியலிலிருந்து எடுத்துக் கலத்தின் அடியில் பொருத்தினால் போதும். சூளையில் ஒரு பொம்மை கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலால் உடைவதைப் போல ஒரு கவசமும் தோற்கக்கூடும் என்பதை அது காட்டுவதில்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதறிக் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்ததற்குக் காரணம், ஏவும்போது தெறித்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்புக் கவசத்தில் உண்டாக்கிய ஓட்டைதான்.

விருத்தாசலம் சந்திப்பிலிருந்து நான்கு திசைகளிலும் இருப்புப்பாதைகள் பிரிகின்றன. வடக்கே விழுப்புரம், மேற்கே சேலம், கிழக்கே நெய்வேலி வழியாகக் கடலூர், தெற்கே திருச்சிராப்பள்ளி. சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் பிறந்து, ரயில்வே பள்ளியில் படித்த ஊர் விழுப்புரம். சந்திரயான்-2 திட்டத்துக்குச் செயற்கை நிலவுமண் தயாரிக்க உதவிய பெரியார் பல்கலைக்கழகம் சேலத்தில் இருக்கிறது. ஒரு சிறிய சந்திப்பின் இரண்டு திசைகளில் நிலவுப் பயணத்தின் இரு வேர்கள் இருப்பது வெறும் தற்செயல்தான் என்றாலும், அத்தற்செயல் சொல்லும் செய்தி கவனிக்கத்தக்கது.

நிலவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையால் ஆனவை. பூமியில் அரிதாகக் கிடைக்கும் அப்பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் இருப்பதைப் புவியியலாளர்கள் முன்பே அறிந்திருந்தனர். அதை உடைத்து, நிலவுமண்ணின் துகளளவுக்கு அரைத்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுசென்று பரப்பி, தரையிறங்கும் கலத்தின் உணரிகளையும் உலாவியின் சக்கரங்களையும் இஸ்ரோ சோதித்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பெருஞ்செலவாகியிருக்கும் ஒரு பொருளை உள்ளூர்ப் பாறையும் உள்ளூர் அறிவும் சேர்ந்து தந்தன. கெர்பலின் நிலவில் தூசி கிடையாது. கலத்தின் கால் பதியும் இடம் வெறும் வடிவியல் பரப்பு. கால் புதையுமா, சக்கரம் வழுக்குமா, எழும் தூசி உணரியின் கண்ணை மறைக்குமா என்ற கேள்விகள் அங்கே எழ வழியில்லாததால், ஒரு பாறையைத் தேடிச் சித்தம்பூண்டிக்குப் போக வேண்டிய தேவையும் எழுவதில்லை.

தரையிறக்கத்தைப் பொறுத்தவரை விளையாட்டின் வரலாறு மெய்யான பயணத்தின் வரலாற்றோடு ஒட்டியே வந்திருக்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய சில மாதங்களுக்குள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டனில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த ஜிம் ஸ்டோரர், பள்ளிக்கு வாய்த்த கணினியில் நிலவிறங்கு விளையாட்டு ஒன்றை எழுதினார். படமே இல்லாத அவ்விளையாட்டில், உயரமும் வேகமும் மீந்த எரிபொருளும் எண்களாகத் தாளில் அச்சாகும். அடுத்த பத்து விநாடிக்கு எவ்வளவு எரிப்பது என்பதை ஆடுபவர் தட்டச்சு செய்வார். பின்வந்த பல நிலவிறங்கு விளையாட்டுகளுக்கு ஒரு பள்ளி மாணவரின் அந்த நிரலே மூலம்.

ஆனால் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3-இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவில் இறங்கியபோது விசைப்பலகையில் யார் கையும் இல்லை. இறங்கத் தொடங்கிய 5.45 மணியிலிருந்து ஏறத்தாழ பத்தொன்பது நிமிடங்களும் கலத்திலிருந்த கணினியே உயரத்தை அளந்து, வேகத்தைக் கணித்து, எஞ்சின்களைக் கூட்டிக் குறைத்தது. பெங்களூரில் இருந்தவர்களால் பார்க்கத்தான் முடிந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் மோதி நொறுங்கியதற்கு, எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுந்த உந்துவிசை தந்ததும், சேர்ந்துகொண்டே போன பிழைகளைத் திருத்தும் அளவுக்கு விரைவாகத் திரும்பக் கலத்துக்கு அனுமதி இல்லாததும், இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டர் சதுரமாக மிகக் குறுகியிருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அடுத்த கலத்தில் கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, ஐந்து எஞ்சின்கள் நான்காயின, இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ளதாக விரிக்கப்பட்டது. கைத்திறனால் இறக்குவதில் பெருமை கொள்ளும் ஆட்டக்காரர்கள் இதைக் கருத வேண்டும்: மெய்யான ஓட்டுநர் என்பவர் என்னென்ன தவறலாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப்பார்த்து நிரல் எழுதியவர்தான். கெர்பலுக்கு ஆர்வலர்கள் சேர்த்த கே.ஓ.எஸ் என்ற கூடுதல் நிரலில், ஆடுபவர் கையால் ஓட்டாமல் கட்டளைகளை எழுதிக் கலத்தைத் தானே இறங்கவைக்கலாம். மெய்யான பணிக்கு மிக நெருங்கிய பகுதி அதுவே.

சந்திப்பின் நடைமேடையில் எஞ்சினைப் பெட்டிகளோடு கோக்கும் காட்சியைப் பார்ப்பவர்க்கு இன்னொரு வேறுபாடு விளங்கும். தண்டவாளத்தில் முன்னால் நிற்கும் பெட்டியை அடைய எஞ்சின் அதை நோக்கி மெல்ல நகர்ந்தால் போதும். சுற்றுப்பாதையிலோ முன்னால் செல்லும் கலத்தை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டினால், பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் நீண்டு, துரத்துகிற கலம் பின்தங்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் பாதை தாழ்ந்து, சுற்றும் நேரம் சுருங்கி, முந்திச் செல்லும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்று மிதந்த ராக்கெட் அடுக்கை நோக்கி விமானத்தை ஓட்டுவதுபோல் நேராகச் செலுத்த முயன்று, எரிபொருளை இழந்ததோடு அந்த அடுக்கையும் நெருங்க முடியாமல் போனார். தேர்ந்த விமானியையே ஏமாற்றிய இவ்விதியை இன்று பதினான்கு வயதுச் சிறுவர்கள் விளையாட்டாகப் பழகிக்கொள்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தி அன்று. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு செயற்கைக்கோள்கள் ஜனவரி 7, 9 ஆகிய நாள்களுக்குக் குறித்த இணைப்பைத் தள்ளிப்போட்டு, 2025 ஜனவரி 16 அன்று விநாடிக்கு ஏறத்தாழ பத்து மில்லிமீட்டர் வேகத்தில் நெருங்கி ஒன்றிணைந்து, இந்தியாவை இத்திறன் பெற்ற நான்காவது நாடாக்கியபோது, அந்தத் தாமதத்தின் பொருளை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் இவ்விளையாட்டை ஆடியவர்களே.

விருத்தாசலத்தைவிட்டுத் தெற்கே நகரும் ரயில் பெண்ணாடத்தைக் கடந்து அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் நுழைகிறது. கிரெட்டேசியக் காலத்துக் கடலுயிர்களின் புதைபடிவங்களால் உலகப் புவியியலாளர்கள் அறிந்த நிலம் அது. அந்தக் காலத்தை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடித்துவைத்தது விண்ணிலிருந்து விழுந்த ஒரு குறுங்கோள். குறுங்கோளைப் பிடித்து வழிமாற்றும் பகுதி ஒன்றை 2014-இல் நாசாவோடு சேர்ந்து கெர்பலில் சேர்த்தார்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறு குறுங்கோளில் மோதி அதன் சுற்றுக்காலத்தை மெய்யாகவே மாற்றிக் காட்டியது.

அரியலூரிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் திருச்சி வரையிலான நெடும் பாதையில், ரயிலின் சீரான வேகம் சந்திரயான்-3 சென்ற வழியை எண்ணிப்பார்க்க இடந்தருகிறது. அப்பல்லோ கலங்கள் மூன்று நான்கு நாள்களில் நிலவை அடைந்தன. 2023 ஜூலை 14 அன்று புறப்பட்ட சந்திரயான்-3 நாற்பது நாள் எடுத்துக்கொண்டது. அதன் எல்.வி.எம்3 ராக்கெட்டுக்கு நிலவுக்கு நேராக எறியும் வலு இல்லாததால், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் அண்மையும் 36,500 கிலோமீட்டர் சேய்மையும் உடைய நீள்வட்டத்தில் அது முதலில் விடப்பட்டது. புவிக்கு மிக அருகில் வரும் புள்ளியை அண்மைநிலை என்றும் மிகத் தொலைவான புள்ளியைச் சேய்மைநிலை என்றும் கூறுவர். ஒவ்வொரு முறையும் அண்மைநிலையில் கலம் மிக வேகமாகப் பாயும்போது எஞ்சினை எரித்ததால், ஐந்தாவது எரிப்பில் சேய்மைநிலை 1,27,000 கிலோமீட்டரைத் தாண்டியது; ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திருப்பிவிடப்பட்டது. வேகம் மிகுந்த இடத்தில் செலவழிக்கும் எரிபொருள் மிகுந்த ஆற்றலைத் தருகிறது என்ற இவ்விதி ஹெர்மன் ஓபெர்த்தின் பெயரால் வழங்குகிறது. ஊஞ்சலில் ஆடும் குழந்தை நின்றபடியே உந்தி உந்தி உயரத்தைக் கூட்டுவதோடு இதை ஓரளவு ஒப்பிடலாம். வலுக்குறைந்த எஞ்சினோடு நிலவுக்குப் போக முயலும் கெர்பல் ஆட்டக்காரர்களும் இதே உத்தியைத் தாமாகவே கண்டடைகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் காலத்தை விரைவுபடுத்தும் பொத்தான் உண்டு. நாற்பது நாள் அரை நிமிடத்தில் கழிந்துவிடும். மெய்யான பணியில் அந்த நாற்பது நாளும் இரவுபகலாக யாரோ கண்விழித்து இருக்க வேண்டும்.

மதுரைக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் வரும் திருமங்கலத்தில் இந்தப் பயணம் சற்று நீண்டநேரம் நிற்க வேண்டும். இங்குள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பத்து மாணவிகள், நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளோடு சேர்ந்து, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளுக்கான கருவிகளுக்கு நிரல் எழுதினர். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி என்ற புதிய சிறு ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது ஏவப்பட்டது. இரண்டாம் அடுக்கு கழன்றபோது எழுந்த அதிர்வு எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்ததால், ராக்கெட்டின் முடுக்கமானிகள், அதாவது வேக மாற்றத்தை அளக்கும் உணரிகள், பழுதாகிவிட்டன என்று கலத்தின் கணினி முடிவுசெய்து மாற்றுவழிக்குத் தாவியது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப் பாதையில் சேர வேண்டிய செயற்கைக்கோள்கள், 356-க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டு, காற்றில் உரசி விழுந்தன. வேகத்தில் ஏற்பட்ட குறை ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான்.

இந்த 76 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கெர்பல் ஆட்டக்காரர் கேட்டால் வியப்படைவார். ஏனெனில் அவ்விளையாட்டில் கெர்பினின் காற்றுமண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிந்துவிடுவதால், 76 கிலோமீட்டரில் விடப்பட்ட கலம் என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். புவியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். சுற்றுப்பாதையை எட்ட ஒரு ராக்கெட் தன் வேகத்தில் உண்டாக்க வேண்டிய மொத்த மாற்றத்தை டெல்டா-வி என்பர். அது கெர்பினில் விநாடிக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர், புவியில் ஏறத்தாழ 9,400 மீட்டர். இந்த மும்மடங்கு வேறுபாடு எடையில் மும்மடங்காக நிற்பதில்லை. 1903-இல் சியல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, புகைக்கற்றையின் வேகம் விநாடிக்கு மூன்று கிலோமீட்டர் என்று கொண்டால், கெர்பினில் ராக்கெட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு எரிபொருளாக இருந்தால் போதும். புவியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு எரிபொருளாக இருக்க வேண்டும். மீந்த நான்கு பங்கில்தான் தொட்டியும் எஞ்சினும் உணரியும் மாணவிகளின் கருவியும் அடங்க வேண்டும். ஏவும்போது 640 டன் எடையிருந்த எல்.வி.எம்3, சந்திரயான்-3 என்ற நான்கு டன்னுக்கும் குறைந்த பொருளைத்தான் அந்த நீள்வட்டத்தில் வைத்தது. விளையாட்டு விதிகளைச் சரியாகக் கற்பித்துவிட்டு உலகத்தைச் சிறிதாக்கிவிடுகிறது. அதனால் ஆடுபவருக்கு ராக்கெட் என்பது சற்றே கடினமான பொருளாகத் தோன்றுகிறதே தவிர, ஒரு விழுக்காடு பிசகினாலும் எல்லாம் போய்விடும் பொருளாகத் தோன்றுவதில்லை.

கெர்பலில் தோல்வி நேர்ந்தால், ஏவுதளத்துக்கே திரும்பும்படி ஒரு பொத்தானை அழுத்தலாம், நடந்தது நடக்காததாகிவிடும். திருமங்கலத்து மாணவிகளுக்கு அந்தப் பொத்தான் இல்லை. ஆனால் இஸ்ரோ தவறின் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, அடுக்கு கழலும் முறையையும் கணினியின் முடிவெடுக்கும் முறையையும் திருத்தி, ஆறு மாதம் கழித்து 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2-ஐ ஏந்திய இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி-யைச் சரியான பாதையில் சேர்த்தது. பொத்தானை அழுத்துவதற்கும் ஆறு மாதம் உழைப்பதற்கும் இடையிலுள்ள தொலைவே விளையாட்டுக்கும் விண்பயணத்துக்கும் இடையிலுள்ள மெய்யான தொலைவு.

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் நிலம் விரிகிறது. இந்நிலத்தில் செய்யப்படும் வாணவெடிக்குப் பொலிவு தரும் அலுமினியப் பொடியே எஸ்.எஸ்.எல்.வி-யின் மூன்று திட எரிபொருள் அடுக்குகளிலும் எரிகிறது; ஒருமுறை பற்றவைத்தால் அணைக்க முடியாது என்ற இயல்பும் இரண்டுக்கும் பொது.

திருநெல்வேலிச் சந்திப்பில் மேற்கே பிரியும் பாதை செங்கோட்டைக்குச் செல்கிறது. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி அவ்வூரில் பிறந்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்த அக்கலம், பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், முதலாம் லக்ராஞ்சுப் புள்ளி என்ற வெற்றிடத்தைச் சுற்றிவருகிறது. சூரியனின் ஈர்ப்பும் புவியின் ஈர்ப்பும் சேர்ந்து, அங்கே இருக்கும் ஒரு பொருளைப் புவியோடு ஒத்த காலத்தில் சூரியனைச் சுற்றவைக்கின்றன. கெர்பலின் வழக்கமான பதிப்பில் இந்த இடமே கிடையாது. கணக்கை எளிதாக்குவதற்காக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வான்பொருளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும் என்று அவ்விளையாட்டு வைத்துக்கொண்டிருப்பதே காரணம். செங்கோட்டைப் பெண்மணி ஒருவரின் தலைமையில் சென்ற கலம், உலகெங்கும் ஆடப்படும் ஒரு விளையாட்டின் வானத்தில் இல்லாத ஓரிடத்தில் நிற்கிறது. பிரின்சிபியா என்ற கூடுதல் நிரலைச் சேர்த்தாலோ, பல வான்பொருள்களின் ஈர்ப்பையும் ஒருங்கே கணக்கிடும் ஆர்பிட்டருக்கு மாறினாலோதான் அந்த இடம் தோன்றும்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பாதையில் வள்ளியூரையும் பணகுடியையும் தாண்டியதும், காற்றாலைகளுக்குப் பின்னால் மகேந்திரகிரி எழுந்து நிற்கிறது. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் அதன் அடிவாரத்தில் உள்ளது. முன்அனுமதியின்றி உள்ளே செல்ல இயலாது என்பதால் பயணிகளுக்குக் கிட்டுவது மலையின் தோற்றமே. ஆயினும் இந்தப் பயணத்தின் நடுநாயகம் இம்மலையடிவாரம்தான். இந்திய ராக்கெட்டுகளின் திரவ எஞ்சின்களும் கடுங்குளிர் எஞ்சின்களும் பறப்பதற்கு முன் இங்கே தாங்கிகளில் பிணைக்கப்பட்டு, நிலத்திலேயே எரித்துப் பார்க்கப்படுகின்றன. கிரையோஜெனிக் என்று வழங்கும் கடுங்குளிர் எஞ்சினில் உறைபனியைவிட மிக மிகக் குளிர்ந்த, −253 டிகிரி செல்சியசில் இருக்கும் திரவ ஹைட்ரஜனும் −183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜனும் கலந்து எரிகின்றன. அந்தக் குளிருக்குச் சில அங்குலத் தொலைவிலேயே எரியறையின் வெப்பம் 3,000 டிகிரி அளவை எட்டுகிறது. விருத்தாசலத்துச் சூளை பல மணி நேரம் எடுத்து மெல்ல ஏறும் வெப்பத்தை இங்கே உலோகம் ஓரிரு விநாடியில் சந்திக்கிறது.

கெர்பலில் எஞ்சின் எப்போதும் எரியும். எத்தனை முறை அணைத்து எத்தனை முறை பற்றவைத்தாலும், எத்தனை ஆண்டு கழித்துப் பற்றவைத்தாலும், தொட்டியில் எரிபொருள் ஆவியாகாமல் காத்திருக்கும்; எடையற்ற நிலையில் திரவம் தொட்டிக்குள் மிதந்து குழாயின் வாயை விட்டு விலகிப்போகும் சிக்கலும் அங்கே இல்லை. மெய்யான எஞ்சின்களின் வரலாறு வேறு. 2010 ஏப்ரல் 15 அன்று, உள்நாட்டுக் கடுங்குளிர் எஞ்சினோடு பறந்த முதல் ஜி.எஸ்.எல்.வி தோற்றது. 2013 ஆகஸ்ட் 19 அன்று அவ்வகை எஞ்சின் பொருத்திய அடுத்த ராக்கெட் ஏவுதளத்தில் நின்றபோது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரியவர, ஏவுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன் இறங்குமுக எண்ணிக்கை நிறுத்தப்பட்டது; திருத்தப்பட்டு 2014 ஜனவரி 5 அன்று அது வென்றது. ஏவாமல் நிறுத்துவதும் ஒரு திறமைதான், அதற்கு விளையாட்டில் மதிப்பெண் இல்லை. மங்கள்யான் செவ்வாயை நெருங்கியபோது, முந்நூறு நாள் உறங்கிக் கிடந்த அதன் முதன்மை எஞ்சின் எரியுமா என்பதை அறிய, 2014 செப்டம்பர் 22 அன்று அதை 3.968 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தனர். நாடே காத்திருந்த அந்த நான்கு விநாடியின் கனம், எஞ்சின் எப்போதும் எரியும் உலகில் யாருக்கும் புரியாது.

மனிதரை ஏந்திச் செல்லும் ககன்யான் பயணத்துக்கு சி.இ-20 என்ற எஞ்சின் தகுதியானதுதான் என்று 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்படுவதற்கு முன், நான்கு எஞ்சின்கள் 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரிக்கப்பட்டன; விதித்திருந்த குறைந்தபட்ச அளவு 6,350 விநாடிகள். வெற்றிடத்தில் பற்றுமா என்பதைத் தனியே அறிய, உயர்வெளிச் சோதனைக் கூடத்தில் ஏழு முறை பற்றவைத்தனர். விளையாட்டில் ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடிக்குப் பின்னால் மகேந்திரகிரியின் 8,810 விநாடிகளும் அவற்றுக்குப் பின்னால் பல்லாயிரம் மனிதநாள்களும் இருக்கின்றன என்பதை ஆடுபவர் அறிந்துகொண்டாலே விளையாட்டின் மதிப்பும் கூடும்.

வள்ளியூரிலிருந்து திசையன்விளை, உடன்குடி வழியாகக் கிழக்கே செல்லும் பேருந்துகள், பனைகளும் செந்நிறத் தேரிமணலும் உள்ள நிலத்தைக் கடந்து குலசேகரன்பட்டினத்தை அடைகின்றன. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர்பெற்ற இக்கடற்கரை ஊருக்கு அருகே 2,233 ஏக்கரில் அமையும் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு விடை வரைபடத்தில் இருக்கிறது. துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதைக்கு ராக்கெட் தெற்கே செல்ல வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே இலங்கை இருக்கிறது. கழன்று விழும் அடுக்குகள் மக்கள்மேல் விழக்கூடாது என்பதால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே பறந்து, தீவைக் கடந்தபின் தெற்கே திரும்புகிறது. இந்த வளைவு எரிபொருளைத் தின்கிறது. சிறிய ராக்கெட்டுகளுக்கு அது தாங்கமுடியாத இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே அண்டார்க்டிகா வரை கடல்தான். கெர்பலின் ஏவுதளம் நிலநடுக்கோட்டின்மேல் கீழ்க்கடற்கரையில் அமைந்திருப்பதும், அதில் அடுக்குகள் எங்கே விழுந்தாலும் யாரும் கேட்பதில்லை என்பதும் ஆடுபவருக்கு வசதி. அந்தக் கோளில் அண்டைவீட்டார் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழ்பவர்களின் தலைமேல் எதுவும் விழாதபடி ஒரு பாதையை வரைவது எவ்வகையிலும் குறைந்த பொறியியல் அன்று.

இவ்வளவு குறைகளையும் கண்டபின்னும், விண்வெளி விளையாட்டுகள் பள்ளி மாணவர்க்கு வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் முடிவு. சுற்றுப்பாதை இயக்கத்தைக் கையில் பழகவைக்கும் வேறு கருவி எளிதில் கிடைப்பதில்லை. பாடநூலின் நீள்வட்டம் அசைவதில்லை, திரையின் நீள்வட்டம் அசைகிறது. தடையாக நிற்பவை இரண்டு. கெர்பல் விலைகொடுத்து வாங்க வேண்டியது; அதன் பட்டியல்களும் அறிவிப்புகளும் ஆங்கிலம் தவிர எட்டு மொழிகளில் வந்துள்ளன, தமிழில் வரவில்லை. ஆர்பிட்டருக்கு முதல் தடை இல்லை. 2021-இல் மார்ட்டின் ஷ்வைகர் அதன் மூலநிரல் முழுவதையும் யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டுவிட்டார். அண்மைநிலை, சேய்மைநிலை, சாய்வுக்கோணம், உந்துவிசை என்று வேண்டிய சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன; அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் இருக்கின்றன. தமிழ்க் கணிமையில் உழைப்பவர்களும் இயற்பியல் ஆசிரியர்களும் சேர்ந்து ஆர்பிட்டரைத் தமிழில் பேசவைத்து, ஸ்ரீஹரிகோட்டாவையும் குலசேகரன்பட்டினத்தையும் அதன் ஏவுதளங்களாகச் சேர்த்து, கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களின் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். இதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.